எங்கே என்ற கட்டம்

இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூடங்களுக்குப் போய் எண்ணிவிட்டு வருவதுதான் என் வேலை. பிள்ளைகளை எண்ண வேறு ஆள் இருக்கிறார். நான் பொருள்களை எண்ணுகிறவன். நாற்காலி, மேசை, மின்விசிறி, உலக உருண்டை, கடந்த மூன்று வருடமாகக் கரும்பலகை. கல்வி அலுவலகத்தில் என் பதவிக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. பள்ளிக்கூடங்களில் 'எண்ணுற சார்' என்றால்தான் தெரியும்.

என் கையில் இருக்கும் படிவத்தில் மூன்றே கட்டங்கள்: வந்தது, இருக்கிறது, உபயோகத்தில் இருக்கிறது. மூன்றிலும் எண் மட்டும்தான் எழுத வேண்டும். ஏன், எதற்கு, எங்கே என்றெல்லாம் கேட்க அந்தப் படிவத்தைத் தயாரித்த புண்ணியவானுக்குத் தோன்றவில்லை. ஆரம்பத்தில் நானும் ஓரத்தில் பொடி எழுத்தில் குறிப்பு எழுதிப் பார்த்தேன். ஓரத்தில் எழுதக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. என் ஒருவனுக்காகவே வந்த சுற்றறிக்கை என்பதில் எனக்கு இன்றும் கொஞ்சம் பெருமைதான்.

கரும்பலகை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எப்போதோ யாரோ கணக்கெடுத்து, பல பள்ளிகளில் பலகை வெளிறிப்போய்விட்டது என்று எழுதினார்கள். உண்மையும்கூட. அதைப் படித்துவிட்டு, நிதி தரும் குழு ஒன்று ஐந்து வருடத்துக்குப் பணம் ஒதுக்கியது. முதல் வருடத்திலேயே எல்லாப் பள்ளிக்கும் வேண்டிய பலகை வந்துவிட்டது. பணமோ ஐந்து வருடத்துக்கு. கணக்கில் அதற்குத் தலைப்பு 'எழுதுபரப்பு'. அந்தத் தலைப்பில் வந்த பணத்தில் சாக்பீஸ்கூட வாங்க முடியாது, பலகைதான் வாங்கலாம். வருடக் கடைசிக்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். அதனால் வருடா வருடம் பள்ளிக்குப் பன்னிரண்டு பலகை. ஆறடிக்கு நாலடி, இரும்புச் சட்டம் போட்டது, இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும்.

மூன்றாம் வருடப் பலகைகளை எண்ணப் போனபோது பல பள்ளிகளில் அவை பிரிக்காத அட்டையோடு கதவுக்குப் பின்னால் நின்றன. ஒரு பள்ளியில் அதன் மேல் காகிதக் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். இன்னொன்றில் ஒழுகும் ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். வந்தது பன்னிரண்டு, இருக்கிறது பன்னிரண்டு, உபயோகத்தில் இரண்டு. சில இடங்களில் ஒன்று. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பள்ளிக்கு வண்டியைக் கிளப்புவேன்.

அப்படித்தான் பெரிய டீச்சரின் பள்ளிக்கும் போனேன். அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை அவர். பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு ஊரே அவரைப் பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடும். ஆள் என்னவோ என் தோள் உயரம்தான். அடுத்த மாதக் கடைசியில் ஓய்வு பெறப்போகிறவர்.

எட்டு வகுப்பறை, எட்டிலும் முதல் வருடப் பலகை. இரண்டாம் வருடத்தது பொருள் அறையில் இருந்தது. மூன்றாம் வருடத்தது எங்கே என்று கேட்டேன். பெரிய டீச்சர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "வாங்க சார், பின்னாடி இருக்கு" என்றார்.

பின்னால் பெண் பிள்ளைகளின் கழிப்பறை. எட்டு வருடத்துக்கு முன் வேறொரு தலைப்பில் பணம் வந்து கட்டத் தொடங்கியது. இரண்டு பீங்கான் பதித்து, தண்ணீர்த் தொட்டி வைத்து, சுவரை இடுப்பளவு எழுப்பியபோது அந்த வருடத்துப் பணம் தீர்ந்துவிட்டது. அடுத்த வருடம் தலைப்பு மாறிவிட்டது. இடுப்பளவுச் சுவர் எட்டு வருடமாக இடுப்பளவிலேயே நின்றது. பக்கத்தில் சாலை. அதில் பேருந்து போகும்.

இப்போது அங்கே சுவர் இருந்தது. பன்னிரண்டு பலகைகளும் நெட்டுக்குத்தாக நின்றன. பின்புறம் இரண்டு, பக்கத்துக்கு இரண்டாக நான்கு, நடுவில் தடுப்பாக இரண்டு, முன்னால் கீல் வைத்துக் கதவாக இரண்டு, சாலையிலிருந்து வாசல் தெரியாமல் மறைக்க இரண்டு. இரும்புச் சட்டத்துக்கு இரும்புச் சட்டம் போல்ட் போட்டு முறுக்கியிருந்தது. என் உத்தியோகத்தில் இவ்வளவு கச்சிதமாக எண்ணிக்கை ஒத்துப்போய் நான் பார்த்ததே இல்லை.

பலகையை வகுப்பறைக்கு வெளியே வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் அதற்கு 'நோக்க மாற்றம்' என்று பெயர். தலைமை ஆசிரியரின் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஓய்வு பெறும் நேரத்தில் அப்படி ஒரு ஆட்சேபணை விழுந்தால் பென்ஷன் கோப்பு அப்படியே படுத்துவிடும். எழுப்ப ஒரு வருடமும் ஆகலாம், மூன்று வருடமும் ஆகலாம். இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

"உபயோகத்துல இருக்கான்னுதானே உங்க படிவம் கேக்குது?" என்றார் பெரிய டீச்சர். "உள்ள போய்ப் பாருங்க. இப்ப யாரும் இல்ல."

போய்ப் பார்த்தேன். கறுப்புப் பக்கம் உள்ளே பார்த்து இருந்தது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சாக்பீஸ் துண்டுகள். பலகை முழுக்க எழுத்து. பதிமூன்றாம் வாய்ப்பாடு பாதிவரை. கதவில், 'தட்டாதே, ஆள் இருக்கு.' அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், 'சீக்கிரம் வா, மணி அடிச்சாச்சு.' ஒரு ஆசிரியருக்கு மீசை வரைந்திருந்தது, மூக்குக் கண்ணாடியைப் பார்த்தால் பெரிய டீச்சர் மாதிரித்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் என்னை அறைக்கு அழைத்துப் போய் வருகைப் பதிவேட்டைக் காட்டினார். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பிலும் சேர்த்து நாற்பத்தொரு பெண் பிள்ளைகள். காலையில் எல்லாரும் வருவார்கள். முன்பெல்லாம் சாப்பாட்டு மணிக்கு வீட்டுக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் திரும்புவதில்லை. பலகை வைப்பதற்கு முந்தின மாதம் மத்தியான வருகை சராசரி பதினேழு. வைத்த பிறகு முப்பத்தெட்டு. நான் எதையும் கண்ணால் பார்க்காமல் நம்புகிறவன் இல்லை. மத்தியானம்வரை இருந்தேன். மூன்று வகுப்பிலும் மாறி மாறிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பேர் கூப்பிடக் கூப்பிட, "உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர்" என்று ஒவ்வொருத்தியும் சொல்வதை விரல் விட்டு எண்ணினேன்.

பிறகு படிவத்தை எடுத்தேன். வந்தது பன்னிரண்டு. இருக்கிறது பன்னிரண்டு. உபயோகத்தில் பன்னிரண்டு. எங்கே என்று அது கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஓரக் குறிப்புச் சுற்றறிக்கைக்குப் பிறகு என் படிவத்தை யாராவது படித்ததாக எனக்குத் தகவல் இல்லை.

அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன். எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த அதிகாரி படிக்கிறவர். சின்ன வயசு, நல்ல மனிதர், ஒரே ஒரு வியாதி. எதைப் பார்த்தாலும் நூற்றுக்கு எவ்வளவு என்று மனதுக்குள் வகுத்துவிடுவார். டீ முக்கால் தம்ளர் வந்தால் எழுபத்தைந்து என்பார். அலுவலகத்தில் அவருக்குச் சதவீதம் என்றே பெயர் வைத்துவிட்டோம். அவர் நூற்று நாற்பத்து மூன்று பள்ளிகளின் படிவங்களையும் கணினியில் ஏற்றி, வரிசைப்படுத்தி, என்னைக் கூப்பிட்டார். நூற்று நாற்பத்திரண்டு பள்ளிகளில் உபயோகம் பதினேழு சதவீதத்தைத் தாண்டவில்லை. ஒரே ஒரு பள்ளி நூறு. வியாழக்கிழமை நிதிக் குழு வருகிறது, அந்தப் பள்ளிக்குத்தான் அழைத்துப் போகப்போகிறேன் என்று உச்சி குளிர்ந்து சொன்னார்.

பூசி மெழுகிப் பார்த்தேன். வேறு பள்ளி நல்லது, பாதை சரியில்லை, பெரிய வண்டி போகாது என்றெல்லாம் சொன்னேன். அவர் விடவில்லை. கடைசியில் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

சதவீதம் கோபப்படவில்லை. பேனா மூடியைத் திருகினார். அந்தம்மா எப்போது ஓய்வு பெறுகிறார் என்று கேட்டார். அடுத்த மாதம் என்றேன். "அப்ப யாருக்கும் கஷ்டம் வேண்டாம்" என்றார். பலகைகளைக் கழற்றி வகுப்பறையில் வைத்துவிடச் சொல்லுங்கள், நீங்களும் வேறு படிவம் எழுதிக் கொடுங்கள், உபயோகம் இரண்டு என்று. பழைய படிவத்தைக் கிழித்துவிடலாம். ஆட்சேபணை இல்லை, பென்ஷன் தாமதம் இல்லை என்றார். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. அப்பாடா என்று வீட்டுக்கு வந்தேன்.

என் தங்கை பக்கத்து வீட்டில் இருக்கிறாள். அவள் கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அவள் வீட்டில் உட்கார்ந்து பள்ளிச் சீருடை தைக்கிறாள். ஏழாம் வகுப்போடு நின்றவள். அதற்காக முப்பத்து மூன்று வருடமாக அவளை 'ஏழாங்கிளாஸ்' என்று கூப்பிட்டு வருகிறேன். கடையில் மிச்சச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கி வந்தால், பரவாயில்லையே ஏழாங்கிளாஸ் என்பேன். அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்வாள். எங்கள் வீட்டில் அது ஒரு பேச்சு, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அவள் தைத்துக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். மீசை வரைந்ததைச் சொன்னபோது சிரித்தாள். எப்படியோ யாருக்கும் கஷ்டமில்லாமல் முடியப்போகிறது என்று முடித்தேன். மிஷினின் சத்தம் நின்றது.

"அந்தப் புள்ளைங்க?"

அவர்களுக்கு என்ன, எப்போதும் போல இருந்துகொள்வார்கள், எட்டு வருடம் அப்படித்தானே இருந்தார்கள் என்றேன்.

"எப்பவும் போலன்னா என்னன்னு உனக்குத் தெரியுமாண்ணா?" அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊசிக்குக் கீழே இருந்த துணியைப் பிடித்தபடியே பேசினாள். "நான் ஏன் நின்னேன்னு நினைக்கிற?"

கணக்கு வரவில்லை என்றுதானே அம்மாவிடம் சொன்னாய் என்றேன்.

"கணக்கு எனக்கு உன்னைவிட நல்லாவே வரும். நம்ம பள்ளிக்கூடத்துல பொம்பளைப் புள்ளைங்களுக்கு எங்க இருந்துச்சு? காலையில இருந்து தண்ணி குடிக்காம இருப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு ஓடி வருவேன். ஒரு நாள் முடியல. வகுப்புலயே. எல்லாரும் பாத்தாங்க." துணியை ஊசியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "மறுநாள் நான் போகல. அம்மாகிட்ட கணக்கு வரலன்னு சொன்னேன். அதுதான் சொல்லக்கூடிய மாதிரி இருந்துச்சு."

நான் அப்போது பத்தாம் வகுப்பு. அதே பள்ளிக்கூடம். அந்தச் சம்பவம் என் காதுக்கு வரவே இல்லை, அல்லது வந்தும் நான் கவனிக்கவில்லை. எது உண்மை என்று எனக்கு நினைவில்லை. முப்பத்து மூன்று வருடமாக அவளைச் சொல்லிக் காட்டிச் சிரித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ எப்ப கேட்ட?" என்றாள். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

மறுநாள் அலுவலகத்துக்குப் போகாமல் நேரே பெரிய டீச்சரிடம் போனேன். அதிகாரி சொன்னதை அப்படியே சொன்னேன். பலகையைக் கழற்றினால் பென்ஷன் சிக்கல் இல்லாமல் வரும், கழற்றாவிட்டால் இழுத்தடிப்பார்கள். முடிவு உங்களுடையது என்றேன். அவர் ஜன்னல் வழியாகப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"எனக்குப் பென்ஷன் தள்ளிப் போனா மகன் வீட்டுல சாப்பிட்டுக்கிறேன் சார். மருமக நாலு வார்த்தை சொல்லுவா, சொல்லட்டும். நான் கழட்ட மாட்டேன். நான் போனப்புறம் யாராவது கழட்டிட்டா என்ன பண்றதுன்னுதான் தூக்கம் வரல."

அலுவலகத்துக்கு வந்து ஒரு வெள்ளைத் தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். பழைய மூன்று கட்டத்தோடு இன்னும் இரண்டு சேர்த்தேன். எங்கே என்று ஒன்று. மத்தியானம் எத்தனை பேர் என்று ஒன்று. பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. எங்கே: பெண் பிள்ளைகளின் கழிப்பறைச் சுவராகவும் கதவாகவும். மத்தியானம்: முன்பு பதினேழு, இப்போது முப்பத்தெட்டு. கீழே, இந்த வருடம் வாங்கிய பலகைகளில் மற்ற நூற்று நாற்பத்திரண்டு பள்ளிகளிலும் உபயோகமில்லாமல் நிற்பது எத்தனை என்று கூட்டிப் போட்டேன். ஆயிரத்து நானூறுக்கும் மேல் வந்தது. என் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சட்டப்படி பார்த்தால் டீச்சரோடு சேர்த்து என் வேலைக்கும் அது வேட்டுதான். நோக்க மாற்றம் தெரிந்தும் முதல் படிவத்தில் மறைத்தவன் நான்.

சதவீதம் அதைப் படிக்க நேரம் எடுத்துக்கொண்டார். படிக்கும்போதே அவர் உதடு அசைந்தது. வகுத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"நாப்பத்தொண்ணு சதவீதத்துல இருந்து தொண்ணூத்து மூணா?"

"ஆமா சார்."

"இது சரியான எண்ணிக்கையா?"

"நானே உக்காந்து எண்ணினேன் சார்."

நாங்கள் இதுவரை செய்த எந்தச் செலவுக்கும் இப்படி ஒரு எண் வந்ததில்லை என்று முணுமுணுத்தார். தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தயாராக இருங்கள் என்றார்.

வியாழக்கிழமை குழுவில் நாலு பேர் வந்தார்கள். மூன்று ஆண்கள் வகுப்பறைப் பலகைகளைத் தட்டிப் பார்த்தார்கள். நாலாவது ஒரு பெண்மணி, நரைத்த முடி. பெரிய டீச்சர் அவரைப் பின்பக்கம் அழைத்துப் போனார். நானும் சதவீதமும் தள்ளி நின்றோம். அந்த அம்மா கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டார். சாலையில் ஒரு பேருந்து போனது. பிறகு வெளியே வந்து, இடுப்பளவுச் சுவரோடு நிற்கும் கழிப்பறைகள் மொத்தம் எத்தனை பள்ளியில் இருக்கின்றன என்று கேட்டார்.

சதவீதம் என்னைப் பார்த்தார். எண்ணுகிறவன் நான்தானே. எந்தப் பள்ளியில் எத்தனை உலக உருண்டை, அதில் எத்தனை உடைந்தது என்று கேட்டிருந்தால் தூக்கத்திலும் சொல்லியிருப்பேன். இதை நான் ஒரு நாளும் எண்ணியதில்லை. தெரியாது அம்மா, படிவத்தில் இல்லை என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பிறகு நடந்தது கோப்புகளில் நடந்தது. ஆட்சேபணையை எழுதாமல் இருக்க முடியவில்லை, எழுதினார்கள். அதற்குப் பதில் எழுதியது சதவீதம். பலகைகள் 'பெண் பிள்ளைகளுக்கான வெளிப்புற எழுதுபரப்பு' என்று குறிப்பிடப்பட்டன. எழுத்து இருக்கிறது, சாக்பீஸ் இருக்கிறது, பதிமூன்றாம் வாய்ப்பாட்டின் புகைப்படம் இருக்கிறது. மேலிடத்தில் யாராலும் மறுக்க முடியவில்லை. பெரிய டீச்சரின் பென்ஷன் ஐந்து மாதம் தாமதமாக வந்தது. மருமகள் என்ன சொன்னாள் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நிரந்தரச் சுவர் கட்டும்வரை பலகைகளை அகற்றக் கூடாது என்றும் ஒரு உத்தரவு வந்தது. நிரந்தரச் சுவருக்குத் தலைப்பு இன்னும் வரவில்லை. சதவீதம் என் படிவத்தில் இரண்டு கட்டங்கள் கூடுதலாக அச்சடிக்கச் சொல்லிவிட்டார். இந்த வருடம் நான் சுவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன். அறுபது பள்ளி முடிந்தது, முப்பத்தொன்றில் சுவர் இடுப்புக்கு மேல் இல்லை.

பெரிய டீச்சருக்கு விடைகொடுத்த அன்று தங்கையையும் அழைத்துப் போனேன். பிள்ளைகள் போட்டிருந்த சீருடையில் பாதி அவள் தைத்தது. யார் தோளில் தையல் பிரிந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தாள். கூட்டம் முடிந்து ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தபோது காணாமல் போனாள். தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன். கதவு சாத்தியிருந்தது. வெளியே நின்றேன். நேரமாகிக்கொண்டே இருந்தது. உடம்புக்கு ஏதாவதோ என்று கூப்பிடப் போனபோது வந்துவிட்டாள். விரலெல்லாம் சாக்பீஸ்.

"என்னம்மா எழுதின?" என்றேன். ஏழாங்கிளாஸ் என்று வாயில் வரவில்லை.

"நீதான் எல்லாத்தையும் எண்ணுவியே. போய்ப் பாரு."

உள்ளே போனேன். பதிமூன்றாம் வாய்ப்பாட்டை அவள் முடித்திருந்தாள், ஒரு தப்புமில்லை. அதற்குக் கீழே, வகுப்பில் எழுதுவது மாதிரி குண்டு குண்டாக, ஏழாம் வகுப்பு, பி பிரிவு என்றும் அவளுடைய பெயரும். பெயருக்குக் கீழே ஒரு வரி.

உள்ளேன் டீச்சர்.

நான் வெளியே வர இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. வாசலில் இரண்டு பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள். இது பொம்பளைப் பிள்ளைகளுக்கு, நீங்கள் இங்கே வரக் கூடாது சார் என்று ஒருத்தி சொன்னாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகர்ந்தேன்.